பெட்டிக்கு வைத்த பொட்டு

மணி மூன்றானால் இளமதிக்குத் தலை கனக்கும், கண் எரியும், கொட்டாவிக்கு மேல் கொட்டாவி வரும். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்சில் கடலூர் வந்து போகிற அலுப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பக்கத்து மேசை பிரிசில்லாவுக்கும் அதே கதை. அவள் வீடு ஆபீசுக்குப் பின்தெருவில் இருக்கிறது!

புதுக் கட்டடம். கரண்ட் மிச்சம் என்று சுற்றிலும் கண்ணாடி. திறக்க ஒரு சன்னல் கிடையாது. உள்ளே காற்று கெட்டால் சுவரிலுள்ள சின்னப் பெட்டி அதைக் கண்டுபிடித்து, வெளிக்காற்றை இழுக்கும் ஃபேனை ஓடவிடும். பெட்டியோ ஒரு மாதமாகப் பச்சை விளக்கே காட்டியது. காற்று நன்றாக இருக்கிறதாம்! யாரிடம் கதை விடுகிறது?

"சடையப்பன்தான் ஃபேனை நிறுத்துறான். கரண்ட் கம்மியானா அவனுக்குத்தான பேரு," என்றாள் இளமதி.

சடையப்பன் மெயின்டனன்ஸ் ஆள், தேவனாம்பட்டினத்துக்காரன். ஏணியோடு போனாலும் அவளுக்குச் சந்தேகம், சும்மா நின்றாலும் சந்தேகம். ஆயுத பூசைக்கு மறுநாள் ஈரத்துணியோடு அந்தப் பெட்டியைத் தொட வந்தவனை அவள்தான் விரட்டினாள். அப்போதே ஏதோ பண்ணப் பார்த்திருக்கிறான், திருட்டுப்பயல். எல்லாவற்றையும் மனுவாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

இன்று சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தார், கையில் அவள் மனுவோடு. "இது உண்மைன்னா இன்னையோட உனக்கு வேலை இல்ல," என்றார் சடையப்பனிடம்.

ஃபேன் சுவிட்சு போட்டபடியேதான் இருந்தது. இன்ஜினியர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். காற்றுப் புகும் ஓட்டைகளை எல்லாம் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அடைத்திருந்தன. கெட்ட காற்று உள்ளே போனால்தானே பெட்டிக்குத் தெரியும்!

"இதுக்கு யாருய்யா பொட்டு வச்சது?"

பூசையன்று கம்ப்யூட்டர், தண்ணி மெஷின் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவள் இளமதி. "பூசைக்கு வச்ச பொட்டை அழிக்கிறியே, வெளங்குமா?" என்று சடையப்பனிடம் கத்தியவளும் அவளே.

சடையப்பன் அவளை ஒரு தரம் பார்த்தான். "பூசையில யாரோ வச்சிருப்பாங்க சார். நான்தான் தொடச்சிருக்கணும்," என்றான்.

பாவி மனுசன், காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலையே! அவமானம் பிடுங்கித் தின்ன, இளமதி எழுந்தாள்.

"பொட்டு வச்சது நான் சார். தொடைக்க வந்தவர வெரட்டுனதும் நான்தான். அந்த மனுவக் குடுங்க, பேரை மாத்தி எழுதித் தர்றேன்."