நனைக்காத நாடா

மற்ற அணிகள் கயிற்றால் முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றபோது, தையற்கூடத்து மூவர் மட்டும் தங்களைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

தீக்காய வார்டுக்காக நடக்கும் சேற்று ஓட்டம் அது. மூவராகக் கை பிணைத்து ஓட வேண்டும். பிணைப்பு அறாமல் எல்லைக்கோட்டைத் தாண்டினால், வார்டுக்கு ஒரு கட்டில் வாங்கித் தருவதாகத் தையற்கூடத்து முதலாளி சொல்லியிருந்தார். முடிச்சு அவிழும், என் தையல் அவிழாது என்றாள் கட்டிங் மாஸ்டர். பருத்தி நாடாவை ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் வளையமாகச் சுற்றி, பக்கத்தவர் வளையத்தோடு சேர்த்து மெழுகு நூலால் அவளே தைத்தாள். நடுவில் அவள். வலப்பக்கம் பொத்தான் தைக்கும் குண்டூசி. உடம்புக்கும் வாய்க்கும் சேர்த்து வைத்த பெயர். இடப்பக்கம் இஸ்திரி போடும் அண்ணன்.

அண்ணனின் வலது கைதான் அவள் கையோடு பிணைந்திருந்தது. நீராவிக் குழாய் வெடித்து வெந்துபோன கை. அந்த வார்டில்தான் ஆறியது. விரல்கள் பிழைத்துக்கொண்டன, மணிக்கட்டுத் தோல் மட்டும் மெழுகு பூசினாற்போல் மினுமினுப்பாக, கிள்ளினாலும் உறைக்காமல் மரத்துப்போயிற்று. அந்தக் கையால்தான் இன்றும் இஸ்திரி போடுகிறார்.

பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாட்டையால் அடிப்பதுபோல் காற்று. முன்னால் போனவர்களின் முதுகு தெரியவில்லை.

“அக்கா, என் செருப்பு ஒண்ணு சேத்துக்குள்ளயே நின்னுருச்சு,” என்றாள் குண்டூசி.

“இன்னொண்ணையும் விட்டுட்டு வா. ஜோடி பிரிய வேண்டாம்.”

பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூவரும் இறங்கி, எதிர்க்கரையில் ஏறும்போது அண்ணனுக்குக் கால் வழுக்கியது. அவருடைய மொத்த பாரமும் அந்த ஒற்றைக் கையில் தொங்கியது. மாஸ்டருக்குத் தோள் கழன்றுவிட்டது போலிருந்தது. குண்டூசி பின்னால் சாய்ந்து இழுக்க, ஒருவழியாக மேலே வந்து விழுந்தார்கள். எல்லைக்கோட்டின் கொடி மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது.

“எழுந்திரு மாஸ்டர். அதோ வந்தாச்சு,” என்றார் அண்ணன்.

அவள் எழவில்லை. தன் மணிக்கட்டில் நாடா கடிப்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி அவர் கையைப் பார்த்தாள். சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். விரல்கள் கருநீலமாக வீங்கியிருந்தன. நாடா சதைக்குள் புதைந்திருந்தது.

“அண்ணே, கை வலிக்கலையா?”

“அந்த இடத்துல எனக்கு என்னைக்கு வலிச்சிருக்கு?”

“விரலை மடக்குங்க.”

மடக்கப் பார்த்தார். விரல்கள் யாருடையவோ என்பதுபோல் சும்மா இருந்தன.

மாஸ்டர் நாடாவின் விளிம்பை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். புது நாடா. பருத்தி நனைந்தால் சுருங்கும். முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் கத்தரியைத் தொட வேண்டும். இதை மறந்தவர்களை அவள் உண்டு இல்லை என்று பண்ணியிருக்கிறாள். இன்று காலை நேரமாகிவிட்டதென்று உருளையிலிருந்து அப்படியே வெட்டிவிட்டாள்.

“பிரிக்கப்போறேன்.”

“பிரிச்சா கட்டில் போயிடும். இன்னும் நாலு எட்டு. ஓடி முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்.”

“அந்த நாலு எட்டுல ரெண்டு குழி இருக்கு. திரும்ப நீங்க தொங்கினா?”

“நான் படுத்துக் கிடந்த இடம் மாஸ்டர் அது. உனக்குப் புரியாது.”

அவர் இழுத்துக்கொண்டு எழப் பார்த்தார். குண்டூசி அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எழுந்திருங்க பார்க்கலாம். சம்பளத்துக்கு இஸ்திரி யார் போடுவா, உங்க மாமனாரா?”

கத்தரி இல்லை. எண் எழுதிய துணி நெஞ்சில் ஊக்கால் குத்தியிருந்தது. மாஸ்டர் அந்த ஊக்கைப் பிடுங்கினாள். அவளுடைய வலது கை எங்கே போனாலும் குண்டூசியின் இடது கையும் கூடவே போனது. நனைந்த நூல் ஊதி, நாடாவோடு ஒட்டிக் கிடந்தது. ஊக்கின் முனை வழுக்கி அண்ணனின் தோலில் ஏறியது. ரத்தம் வந்தது, அவருக்குத் தெரியவில்லை.

“எதுக்கு அக்கா இவ்வளவு நெருக்கித் தைச்சீங்க?”

“வாயை மூடிட்டு நாடாவை இழுத்துப் பிடி.”

தையல்களுக்குள் ஊக்கை நுழைத்து நெம்பினாள். ஒன்று அறுந்தது. அடுத்தது மசியவில்லை, குனிந்து பல்லால் கடித்தாள். வாய் நிறையச் சேறு. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு அணிகள் அவர்களைத் தாண்டி ஓடின.

கடைசி நூல் போனதும் நாடா தானாகவே விரிந்தது. அது கிடந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம்.

மழைக்கோட்டு அணிந்த பந்தய மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அறுந்த நாடாவைப் பார்த்தார். “பிணைப்பு அறுந்தா கணக்குல வராது. தெரியும்ல?”

“தெரியும். ஆம்புலன்சைக் கூப்பிடுங்க,” என்றாள் மாஸ்டர், நிமிராமலே.

“யார் கேட்டா உன்னை?” என்றார் அண்ணன். “ஒரு கட்டில் மாஸ்டர்.”

அவள் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள், விட்டாள், பார்த்தாள். நிறம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். மழை நகத்தின்மேல் விழுந்து வழிந்தது.

அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் நகத்தடியில் மெல்ல ஒரு சிவப்பு ஊறியதா, தன் கண்தான் அப்படிக் காட்டுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணன் பல்லைக் கடித்தார்.

“எரியுதுடி,” என்றார். “விரல் எல்லாம் நெருப்பா எரியுது.”

“எரியட்டும். ரத்தம் ஓடுது,” என்றாள் மாஸ்டர். அடுத்த விரலின் நகத்தை அழுத்தினாள்.