குதிகால் பக்கம்

மேனேஜருக்கு இங்கிலீஷ் மேல் அப்படி ஒரு மோகம். ஆட்களைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு வருஷா வருஷம் அனுப்பும் ரிப்போர்ட்டில், இங்கிலீஷ்காரன் மரபுத்தொடர் ஒன்றைச் சொருகாமல் ஒரு வரி எழுதமாட்டார். அதற்கென்றே மேஜை டிராயரில் ஒரு தடிப் புத்தகம். அதில் வருஷத்துக்கு ஓர் உறுப்பு: போன வருஷம் கை, அதற்கு முந்தின வருஷம் மூக்கு. இந்த வருஷம் பாதம். ஒருத்தர் எப்போதும் கால்விரல் நுனியில் நிற்கிறாராம், அதாவது படு உஷார். இன்னொருத்தர் கோட்டில் கால்விரலை வைத்து நிற்கிறாராம், சொன்னபடி கேட்கிறவர். யாருக்கு எது என்பது அந்த நேரத்து மூடைப் பொறுத்தது. கண்றாவி!

அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கமாவைக்கூடத் தானாக மாற்றியதில்லை என்பதில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. அவளுடைய சொந்தத் தம்பி அதே கம்பெனி குடோனில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலையில் இருந்தான். அதை அவள் மேனேஜரிடம் மூச்சு விட்டதில்லை. சிபாரிசு என்று நாலு பேர் வாயில் விழக்கூடாதாம். இந்த மனுஷியை என்ன சொல்ல!

ரிப்போர்ட் நன்றாக இருந்தால் இந்த வருஷம் அவன் வேலை நிரந்தரம்.

"அக்கா, அவர் காதுல ஒரே ஒரு வார்த்தை போட்டு வையேன்," என்று தம்பி கெஞ்சினான்.

"ஒழுங்கா வேலை செய்யறவனுக்கு எதுக்குடா சிபாரிசு?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

ரிப்போர்ட்டில் தம்பியின் முறை வந்தது. மேனேஜர் புத்தகத்தில் குதிகால் பக்கத்தைப் புரட்டினார், முகம் மலர்ந்தது. "டிராகிங் ஹிஸ் ஹீல்ஸ்!"

குதிகாலை இழுத்து இழுத்து நடக்கிறவன். வேலையை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிற ஆள் என்று அர்த்தம். லாரி வந்து நின்றால், மற்றவன் கையுறை மாட்டுவதற்குள் பத்துப் பெட்டியை இறக்கிவிடுகிறவனைப் போய்! அவள் விரல் கொஞ்சம் தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அடித்தாள்.

மூன்றாம் வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து தம்பிக்குக் கடிதம் வந்தது. வேண்டுமென்றே சுணக்கம் காட்டுவதால் நிரந்தரம் கிடையாது, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம்.

அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "சார், அவன் என் கூடப் பிறந்த தம்பி."

மேனேஜர் நிஜமாகவே பதறிப்போனார். "அடடா, என்னம்மா நீங்க! அன்னைக்கே சொல்லியிருந்தா வேற ஏதாவது போட்டிருப்பேனே. அந்தத் தொடர் நல்லா இருந்துச்சு, யாருக்காவது போடணும்னு தோணுச்சு. அந்தப் பையன் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல."

"இப்ப திருத்தி அனுப்பலாமா சார்?"

"மேல போயிருச்சேம்மா. நான் சும்மா எழுதினேன்னு நானே சொல்ல முடியுமா?"

சாயங்காலம் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"அவர்கிட்ட முன்னாடியே சொல்லிப் பார்த்தியாக்கா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"சொன்னேன்டா. எவ்வளவோ கெஞ்சினேன். அந்த ஆளு காதுலயே வாங்கிக்கல."

தம்பி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுக்கா. எனக்காக அவ்வளவு தூரம் இறங்கிப் போயிருக்கே. எனக்கு அது போதும்."