இன்னொரு காது

என் தலைவலி எனக்கு மட்டும் வருகிற தலைவலி. அதற்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையும் எனக்கு மட்டும்தான். இதை என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினார். அந்த "ம்"தான் என் அண்ணனைக் கொல்லப் பார்த்தது.

எங்களுக்கு ராஜபாளையம். மூன்று வயது மகள் யோகேஸ்வரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன், என் அண்ணன் இருளப்பசாமி. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஆறடி ஆள். போன வருசம் மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தோம். அப்படியும் சீர்வரிசையை வண்டியில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. மேளத்தோடு, சுள்ளென்ற வெயிலில், தாம்பாளத்தைத் தலையில் வைத்துத் தெருச் சுற்றி வந்தார். வீம்பு, வேறென்ன.

வந்து அரை மணி நேரம் ஆறிவிட்டுப் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். பிள்ளை வீல் என்று கத்தியது, மேளக்காரர்கள் அதற்கு மேல் அடித்தார்கள். எனக்கு இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்க ஆரம்பித்தது. வலி தொடங்கும்போதே போட்டுவிட வேண்டும் என்பது டாக்டரம்மா சொன்னது. பையைத் திறந்து அட்டையை எடுத்தால் இரண்டு குழி காலி.

"என் மாத்திரைய யாரு எடுத்தது?"

"நாந்தான்," என்றார் இவர். "மச்சானுக்குத் தலை இடிக்குதுன்னாரு. உனக்குத்தான் போட்ட செத்த நேரத்துல கேக்குமே."

"ரெண்டக் காணோம்?"

"உன் உடம்புக்கு ஒண்ணுன்னா அவரு உடம்புக்கு ரெண்டு வேணும்லா? ஒண்ணு போட்டுட்டாரு. இன்னொண்ண காது குத்தி முடிச்சிட்டுப் போடுதேன்னு கையில வச்சிருக்காரு."

பெருமையாகத்தான் சொன்னார் பாவி மனுசன். மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தார்கள். "இது ரத்தக்குழாயைச் சுருக்குற மாத்திரைம்மா. நெஞ்சுல அடைப்பு வந்தவங்க, பிரஷர் அடங்காதவங்க தொடவே கூடாது. அவங்களுக்கும் தலைவலிதானேன்னு யாருக்கும் எடுத்துக் குடுத்துராதீங்க." டாக்டரம்மா குரல் அப்படியே காதில் கேட்டது.

அண்ணனைப் பார்த்தேன். பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கையை மூடியபடி, வலது கையால் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார்.

"வாயு பிடிச்சிருக்கு. ஒரு சோடா கொண்டாங்கப்பா," என்றார் யாரிடமோ. எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் வாயுதான். ஸ்டென்ட் வைத்த மனுசனுக்கும் வாயு!

ஓடிப்போய்க் குனிந்தேன். "அண்ணே, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? இன்னொரு காது இருக்குல்ல."

ஆசாரி அடுத்த கம்மலை எடுத்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்த பிள்ளையைப் பாதியில் தூக்கக் கூடாது. தூக்கினால் உன் உறவே வேண்டாம் என்று சபையில் சொன்ன மாதிரி. அதனால் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். இருந்தும் தூக்கிவிட்டேன்.

மேளம் நின்றது. அண்ணன் பெண்டாட்டி, என் மதினி சந்தனத்துக்கு முகம் செத்துப்போனது. "என்ன செல்வி, எங்க மடி உனக்கு ஆகாதோ?"

"நல்ல நேரம் போகுது, புள்ளையக் குடு!" என்று என் மாமியார் கையை நீட்டினார்.

"நல்ல நேரத்தத் தூக்கி அடுப்புல போடுங்க! எங்கண்ணனுக்கு நெஞ்சு அடைக்குது!"

அண்ணன் கோபமாக எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மதினி அலறினார்.

பிள்ளையை மாமியார் கையில் திணித்துவிட்டு ஆட்டோவில் ஏறினோம். அண்ணன் தலை மதினி தோளில் கிடந்தது. என் தலை பிளந்துகொண்டிருந்தது, அட்டை கையில் இருந்தும் ஒன்று போடத் தோன்றவில்லை.

"அண்ணே, அந்த இன்னொண்ணு எங்க? முழுங்கிட்டியா?"

முனகல்தான் வந்தது. நான் பிள்ளையைத் தூக்க வந்த நேரத்தில் வாயில் போட்டிருந்தால்? சோடாவோடு விழுங்கியிருந்தால்? மூடிய கையைப் பிரிக்கப் பார்த்தேன். வலியில் இறுக்கி வைத்திருந்தார், ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி அன்றைக்கு வந்து சேர்வேனா என்றது.

டாக்டர் அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார். "எத்தனை போட்டார்? ஒண்ணா, ரெண்டா?"

"தெரியலையே சார்!"

ஊசி போட நர்ஸ் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக விரித்தார். உள்ளங்கையில் வேர்வையில் ஊறி மாவாகிக் கிடந்தது மாத்திரை.

"ஒண்ணுதான் சார்! ஒண்ணுதான்!" என்று கத்தினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

இசிஜியில் மாறுதல் இருக்கிறது என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம்தான் வலி விட்டது. இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், அட்டையோடு உடனே வந்தது நல்லதாகப் போயிற்று, இரண்டாவதையும் போட்டிருந்தால் என்னவென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அண்ணன் கண் திறந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்காவது புத்தி வேண்டாமா? டாக்டர்ட்ட கேக்காம ஒரு மாத்திரையும் போடக் கூடாதுன்னு மதுரையில எம்புட்டு சொன்னாங்க!"

"தெரியும்ட்டி," என்றார், குரலே இல்லாமல். "மாப்ள அம்புட்டு பேரு முன்னால ஆசையா நீட்டுதாரு. எப்படி வேணாங்குறது?"

வாசலில் இவர் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். உள்ளே வரக் கால் வரவில்லை. ஒரு காதில் கம்மல் மின்ன, இன்னொரு காது வெறுமையாக, பிள்ளை அவர் தோளில் தூங்கியிருந்தது. மண்டபத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிடலாம் என்று மாமியார் சொன்னாராம். இவர்தான் முடியாது என்று சொல்லிவிட்டாராம். அதற்காக மட்டும் அன்றைக்கு அவரைத் திட்டாமல் விட்டேன்.

அண்ணன் பிள்ளையையே பார்த்தார். "மத்தக் காது?"

"அது உன் மடிக்குத்தான். ஒழுங்கா எந்திரிச்சு வா. செத்துக்கித்துத் தொலைச்ச, உன் மருமக ஒத்தக் கம்மலோடதான் கல்யாணம் கட்டிக்கிடுவா, பாத்துக்கோ."