எதிரெதிரே உட்கார்ந்து செய்த கையேடு

வாருங்கள் என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு சின்னப் புத்தகம் பிறந்த கதை சொல்கிறேன். எட்டே பக்கம்தான், ஆனால் அதை நம்பி ஒரு குடும்பம் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் மனைவி வீட்டிலேயே தட்டச்சு செய்து கொடுப்பவள். கணவர் சுவர் விளம்பரம் வரைபவர். சுவர் எங்கேயோ அங்கே அவர்; மாதத்தில் பாதி நாள் வெளியூர். "இவர் சட்டை கொடியில கிடந்ததைவிடப் பெட்டியில கிடந்ததுதான் அதிகம்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். உள்ளுக்குள் சிரிப்பு இருக்காது.

அப்போதுதான் கையால் சுற்றி மாவு அரைக்கும் இயந்திரம் செய்கிற முதலாளி ஒருவர் கூப்பிட்டார். "எழுத்து நீங்க, படம் அவரு. இதை முன்னப்பின்ன பார்க்காத ஆளு, புத்தகத்தை மட்டும் பார்த்து மாவு அரைக்கணும். அரைச்சுட்டா, இனி எங்க எல்லாக் கையேடும் உங்க ரெண்டு பேருக்குத்தான். வீட்ல இருந்தே செய்யலாம்."

வீட்டிலிருந்தே என்ற சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இயந்திரத்தைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எழுதினாள். அந்தப் பக்கம் அவர் பார்த்துப் பார்த்து வரைந்தார். தாள்களை மடித்து, நடுவில் பின் அடித்ததும் மாதிரிப் புத்தகம் தயார். சோதித்துப் பார்க்கக் கணவரின் அக்காவை வரவழைத்தார்கள். அவருக்கு இயந்திரம் என்றால் பயம். குறை சொல்வதில் ஒரு பயமும் கிடையாது.

படத்தில் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. அக்காவும் இயந்திரத்தை அப்படியே வைத்து, மேலே கோதுமையைக் கொட்டினார். எழுத்தில், 'வலக்கையால் கைப்பிடியைப் பிடித்து, உங்களை விட்டு விலகும் திசையில் சுற்றவும்' என்று இருந்தது. வலக்கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோனார்.

"ஏம்மா, மாவு அரைக்க உடம்பை முறுக்கிப் பிழியணுமா?"

"புத்தகத்துல இருக்கிறபடி செய்யுங்கக்கா. நாங்க வாயே திறக்கக் கூடாது."

"உன் வாயா? நல்ல கதை."

சுற்றினார். கீழே ஒரு பொட்டு மாவு விழவில்லை. உள்ளிருந்த திருகு பின்பக்கமாக ஓடிக் கோதுமையை மேலே தள்ளியது. அக்காவின் மடியெல்லாம் கோதுமை.

"எழுத்துலதான் தப்பு" என்றார் கணவர்.

"கைப்பிடியை இடப்பக்கம் வரைஞ்சது யாரு?"

"எனக்கு இடப்பக்கம்தானே தெரியுது? வந்து பாரு!"

அவள் எழுந்து மேசையைச் சுற்றிப் போய், அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, நீங்க வரைஞ்சதும் சரி, நான் எழுதினதும் சரி. உட்கார்ந்த இடம்தான் வேற."

"ரெண்டும் சரின்னா, என் மடியில எதுக்குடா கோதுமை?" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் முதலாளியிடம் காட்டியாக வேண்டும். "இடக்கைன்னு மாத்தி, தன் பக்கமா சுத்தணும்னு எழுதிடேன். வேலை முடிஞ்சுது" என்றார் கணவர்.

அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "வாங்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குச் சோத்துக் கைதானேங்க பலம்?"

அவர் எழுந்தார். வரைந்த படங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கொஞ்சம் தள்ளேன்."

"எங்க தள்றது, சுவத்துக்குள்ளயா?"

முழங்கை இடிக்க இடிக்க, எல்லாப் படத்தையும் புதிதாக வரைந்தார்; சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் போட்டார்.

காலையில் முதலாளி தன் வாசல் காவலாளியை உட்கார வைத்தார். காவலாளி உதடு அசையப் படித்தார். கைப்பிடியைப் பிடித்தார். கரகரவென்று சத்தம் கேட்டது. கிண்ணத்தில் வெள்ளையாக மாவு விழுந்தது. முதலாளி அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அட்டையில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்தது பழம் பிழியற இயந்திரம். வீட்டுக்கே அனுப்பிடறேன்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் கைபேசியைக் காதில் வைத்திருந்தார். "இல்லீங்க, அந்தச் சுவருக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க. எனக்கு வீட்ல வேலை இருக்கு."

உங்கள் வீட்டிலும் விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் வந்து சேரட்டும். பரிமாறிய தட்டு எதுவும் ஆளுக்காகக் காத்துக் கிடக்காமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள், கண்ணுகளா.