சுரங்கத்துக்குள் பொம்பிளை பார்த்தல்

கோயிலில் வைத்துப் பொம்பிளை பார்த்தால் பூசை முடியுமுன் ஒக்லாந்து முழுக்கத் தெரிந்துவிடும். ஆல்பனி மோலில் பார்த்தால், அங்கே சாமான் வாங்க வந்தவள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரி. ஆகவே மாப்பிள்ளையின் தாய் ஆனந்தவல்லி ஓர் இடம் கண்டுபிடித்திருந்தார். இரண்டு மணி நேரக் கார் ஓட்டம், ஒற்றைத் தெரு, ஒரு பேக்கரி, ஒரு தங்கச் சுரங்க மியூசியம். தமிழ்ச் சனம் ஒரு குஞ்சும் எட்டிப் பாராத ஊர்.

"தற்செயலாச் சந்திச்ச மாதிரி இருக்கட்டும்," என்றார் போனில்.

உஷாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. மகள் பிரணவியை ஏற்கெனவே இரண்டு இடத்தார் பார்த்து வேண்டாமென்றுவிட்டார்கள். இதுவும் தவறி, அது வெளியே தெரிந்தால், 'அந்தப் பிள்ளையில ஏதோ குறை' என்று அவர்கள் குடியிருக்கும் த்ரீ கிங்ஸ் பகுதிச் சனம் வாயில் போட்டு மென்றுவிடும்.

அப்படித் தற்செயலாகச் சந்திக்கத்தான் பிரணவி பட்டுச் சேலையோடு, தலையில் சுரங்க ஹெல்மெட்டும் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். மாதிரிச் சுரங்கத்துக்குள் போக ஹெல்மெட் கட்டாயம். சேலை அம்மாவின் கட்டாயம்.

மாப்பிள்ளை நிமலன் விளக்கம் கொடுத்தான், கொடுத்தான், அப்படிக் கொடுத்தான். கல்லிடிக்கும் இயந்திரம், தங்கம் பிரிக்கும் முறை, எந்தச் சுவரில் யாருடைய படம் என்று எல்லாம் தலைகீழ்ப் பாடம். என்ன அறிவான பிள்ளை என்று உஷா பூரித்துப்போனார். ஆனந்தவல்லிக்குச் சுரங்க இருட்டுத்தான் பிடிக்கவில்லை.

"பிள்ளை, இஞ்சால வெளிச்சத்துக்கு வாங்கோ, நிறத்தைப் பாப்பம்," என்றார்.

டிக்கெட் மேசையில் இருந்த வெள்ளைக்காரம்மா நல்ல மனசுக்காரி. அவர்கள் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும், நிமலனைப் பார்த்து ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்: "தம்பி, உங்களுடைய அடுத்த குடும்பம் நேரத்துக்கே வந்துவிட்டது! காரிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் போல முட்டிக்கொள்ளக் கூடாது, பாருங்கள்."

நிமலன் தன் சப்பாத்தைப் பார்த்தான். ஆனந்தவல்லி மட்டும் அசையவில்லை.

"பொடியன் எண்டால் நாலு இடம் பாக்கிறதுதானே, உஷா. உங்கட பிள்ளையை நாங்கள் இன்னும் கழிக்கேல்லையே."

கழிக்கேல்லையாம்! உஷாவுக்கு உச்சி கொதித்தது. பிரணவி ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். "லெட்ஸ் ஜஸ்ட் கோ, அம்மா."

வெளியே, காருக்குள் பட்டுச் சேலையில் கஜந்தினி. பக்கத்தில் அவளுடைய தாய் சாந்தகுமாரி. உஷா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். புக்கெகோஹிக்கு வெங்காயம் வாங்கப் போகிறேன் என்று அன்று காலைதான் சொன்னவர். உஷாவும் லேசுப்பட்டவரா? ஆல்பனிக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சாந்தகுமாரிக்கு முகம் செத்துப்போனது. "உஷாக்கா... நாங்கள் சும்மா மியூசியம் பாக்க..."

நாங்களும் சும்மாதான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் ஆனந்தவல்லியும் மகனும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உஷா பிரணவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"மாப்பிள்ளை பாக்க வந்தனாங்கள், சாந்தா. பாத்தாச்சு. எங்களுக்குப் பிடிக்கேல்ல. வீட்டை போய் ஒருத்தரும் விடாமல் எல்லாருக்கும் சொல்லுங்கோ."