எண்ணெய்த் தொட்டியைத் திறந்தது யார்?

கணேசமூர்த்தியின் பழைய வீரா கார் புக்கிட் காத்திலில் இருந்த பட்டறைக்குத் திரும்பி வந்தபோது, அதன் இஞ்சினைப் புதிதாகக் கட்டி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கட்டியவன் ஹரிதாஸ். கார் வாசலில் நுழையும்போதே அவனுக்குக் கேட்டுவிட்டது. இஞ்சினின் அடியிலிருந்து டக் டக் என்று கனத்த சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தமும் வேகமெடுத்தது.

"மொதல்ல ஆஃப் பண்ணுங்கண்ணே" என்று கையை ஆட்டினான்.

"ஆஃப் பண்ணிட்டா சத்தம் போயிடும்லா. அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுவே." கணேசமூர்த்தி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் கைப்பேசியை எடுத்தார். "இரு, வீடியோ எடுத்துக்கிறேன்."

அவர் ஒரு லோரி கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரைவர்கள் டீசலைத் திருடுகிறார்களா, டயரை மாற்றி விற்கிறார்களா என்று பார்த்துப் பார்த்தே காலம் போயிற்று. வேலையை விட்ட பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. கடையில் மீன் நிறுக்கும்போது தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பவர் அவர்.

"புது பேரிங்னு சொல்லித்தானே போட்டே? புதுசு இப்படியா தட்டும்? பழசையே தொடச்சு மாட்டிட்டியா?"

"அண்ணே, நான் அப்படிப்பட்ட ஆளில்ல."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

அன்று சாயங்காலமே அந்த வீடியோ அவர்கள் குடியிருக்கும் தாமானின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. பட்டறையின் பெயர்ப்பலகையையும் சேர்த்து எடுத்திருந்தார்.

ஹரிதாஸ் முதலில் காரைத்தான் பார்த்தான். எண்ணெய் அளவு சரியாக இருந்தது. ஆனால் அழுத்தமானியை மாட்டி ஓடவிட்டபோது முள் ஏறவே மறுத்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் மின்சார வயரை மாறி மாறிக் கழற்றிப் பார்த்தான். மூன்றாவதைக் கழற்றியதும் தட்டல் பாதியாய் அடங்கியது. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் போய்விட்டது.

பேரிங் என்பது இஞ்சினின் முக்கியத் தண்டைச் சுற்றிக் கவ்வியிருக்கும் அரைவட்ட உலோகத் தகடுதான். தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை இரண்டும் தொட்டுக்கொள்ளாது. தொட ஆரம்பித்தால் தேயும். தேய்ந்தால் இடைவெளி விழுந்து தட்டும். இவ்வளவு சீக்கிரம் தேய வேண்டுமென்றால், ஒன்று அவன் வேலையில் தப்பு, இல்லை தகட்டில் தப்பு. தன் வேலையில் தப்பில்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். மற்றதை யோசித்தபோது நயீமின் முகம் நினைவுக்கு வந்தது.

நயீம் அலோர் காஜாவில் கார் சாமான் கடை வைத்திருந்தார். ஹரிதாஸ் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அவரிடம்தான் வாங்குகிறான். ஆனால் இந்த முறை வந்த பெட்டியின் அச்சு கொஞ்சம் மங்கலாக இருந்ததோ? எப்போதும் மறுநாள் கொடுப்பவர், அன்றைக்கு மட்டும் உடனே எடுத்துக் கொடுத்தாரே, ஏன்? அப்போது தோன்றாத சந்தேகங்கள் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

மறுநாள் அலோர் காஜாவுக்குப் போனான். கடையில் கூட்டம் இருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லை.

"நயீம் நானா, எனக்கு டூப்ளிகேட் சாமான் குடுத்துட்டீங்களா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நயீம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"யாரக் கேக்குற?"

"உங்களத்தான். கணேசமூர்த்தி அண்ணன் காருக்கு வாங்கின பேரிங் போச்சு. அவரு என்னத் திருடன்கிறாரு."

"இஞ்சினத் திறந்து பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"திறக்காமலே என்னத் திருடன்கிறியா?" நயீம் எழுந்தார். "நாளைக்குக் காலைல வர்றேன். என் கண்ணு முன்னாடி திற. அந்த ஆளையும் வரச் சொல்லு."

மறுநாள் காலை பட்டறையில் மூன்று பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். யாரும் யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. கணேசமூர்த்தி கைப்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எல்லாவற்றையும் படம்பிடித்தார். நயீம் கையைக் கட்டிக்கொண்டு ஹரிதாஸின் விரல்களையே பார்த்தார். கழற்றும்போது தகட்டை மாற்றிவிடுவானோ என்ற பயம் அவருக்கு. கணேசமூர்த்தியின் மனைவி முத்தாயியும் வந்திருந்தார். வரவேண்டாம் என்று கணவர் சொல்லியும் கேட்கவில்லையாம். பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஹரிதாஸ் காரைத் தூக்கி, எண்ணெயை வடித்தான். கறுப்பு எண்ணெயில் வெள்ளிப் பொடி தூவியதுபோல மினுமினுப்பு. தேய்ந்த உலோகம். விளக்கை இஞ்சினின் அடியில் காட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். எண்ணெய்த் தொட்டியின் அடிப்பக்கத்தில் புதிதாகக் கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தது. அது அவன் அடித்ததல்ல. பெயின்டுக்கு அடியில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தடங்கள்.

ஓரக்கண்ணால் கணேசமூர்த்தியைப் பார்த்தான். அவர் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எங்கோ இடித்துவிட்டு, வேறு யாரிடமோ தட்டிச் சரிசெய்துவிட்டு, இப்போது என் தலையில் போடப் பார்க்கிறாரா?' போல்ட்டுகளைக் கழற்றினான்.

தொட்டி கழன்று வந்ததும் மூவரும் குனிந்தார்கள். தொட்டியின் விளிம்பைச் சுற்றிலும் ஆரஞ்சு நிறப் பசை விரல் தடிமனுக்குப் பிதுங்கியிருந்தது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் இருந்த வலைச் சல்லடையில் அதே பசை துண்டு துண்டாகப் போய் அப்பியிருந்தது. முக்கால்வாசி அடைத்துவிட்டது.

"இதான்" என்றான் ஹரிதாஸ். "எண்ணெய் மேல ஏறல. அதான் பேரிங் போச்சு."

"அப்ப நீதானே பசையை அள்ளிப் பூசிருக்கே!" கணேசமூர்த்தியின் குரல் ஓங்கியது. "பாருங்க நானா, ஒத்துக்கிட்டான்!"

"நான் இந்தக் கலர் பூசுறதே இல்லண்ணே." இஞ்சினின் முன்மூடியைத் துணியால் துடைத்து விளக்கைக் காட்டினான். அங்கே மெல்லிய கோடாகச் சாம்பல் நிறப் பசை தெரிந்தது. "நான் போட்டது இது. தொட்டிய எனக்கப்புறம் யாரோ திறந்திருக்காங்க. அடியில இடிச்ச அடையாளமும் இருக்கு. யாருகிட்டண்ணே குடுத்தீங்க?"

"நான் யாருகிட்டயும் குடுக்கல. என்னத் தவிர வேற யாரும் சாவிய..."

"உன்கிட்ட ரெண்டு டியூப் இருந்திருக்கலாமே" என்றார் நயீம், ஹரிதாஸைப் பார்த்து. அவரும் இன்னும் நம்பவில்லை. "தட்டி நிமித்தினதும் நீயாத்தான் இருக்கணும்."

"நான் ஏன் நானா செய்யப்போறேன்?"

"என் பேரிங்க டூப்ளிகேட்னு சொன்னவன் எதையும் சொல்லுவான்."

மூவரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். அடுத்த கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"நான்தான் இடிச்சேன்."

முத்தாயி சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன சொல்றே?" என்றார் கணேசமூர்த்தி.

"தஞ்சோங் கிளிங்ல, பாப்பா வீட்டுக்குப் போற சந்துல. பெரிய குழி. தண்ணி நின்னுச்சு, தெரியல."

மகள் திவ்யதர்ஷினியின் பெயரை அந்த வீட்டில் எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்தான கிஷனை அவள் கட்டிக்கொண்டது முதல் கணேசமூர்த்தி அவளோடு பேசவில்லை. முத்தாயியும் பேசக்கூடாது என்பது அவர் கட்டளை.

"பொய் சொல்லாத. உனக்குக் காரே ஓட்டத் தெரியாது."

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த லைசன்ஸ் இருக்குங்க. நீங்கதானே புதுப்பிச்சுக் குடுக்கிறீங்க." முத்தாயி கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். "நீங்க கோயில் கமிட்டிக்கு நடந்து போனதும், வீட்டுல இருக்கிற இன்னொரு சாவியப் போட்டுக் கார எடுத்துட்டுப் போவேன். அன்னிக்கு எண்ணெய் ஒழுகுச்சு. மாப்பிள்ளைதான் கழட்டித் தட்டி ஒட்டிக் குடுத்தாரு. அவருக்கு ஏர்கோன் வேலைதான் தெரியும். பட்டறைக்குக் கொண்டு போங்க அத்தைன்னு எவ்வளவோ சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். ஒழுகிடக்கூடாதேன்னு நெறைய போட்டுட்டாரு போல."

கணேசமூர்த்தியின் கைப்பேசி இன்னும் படம்பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

"எத்தன தடவ போனே?"

"எண்ணல."

"இவ்வளவு நாளா என்கூட ஒரே வீட்டுல இருந்துட்டு..." பட்டறையை விட்டு இறங்கி, எதிரில் இருந்த காப்பிக் கடைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். முத்தாயி பின்னால் போகவில்லை. "என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு தம்பி" என்று ஹரிதாஸிடம் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே இருந்தார்.

ஹரிதாஸ் மூன்றாவது பேரிங்கைக் கழற்றினான். கறுத்து, செம்பு தெரியும்வரை தேய்ந்திருந்தது. நயீம் அதை வாங்கித் துடைத்து, முதுகில் கம்பெனி பொறித்திருந்த முத்திரையை அவன் முன்னே நீட்டினார்.

"இது டூப்ளிகேட்டா?"

"இல்ல நானா."

அவர் அந்தத் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

புது பேரிங் வாங்க ஹரிதாஸ் மறுபடி அலோர் காஜாவுக்குத்தான் போனான். வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை. ஆட்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டான். நயீம் பெட்டியை எடுத்து வைத்தார்.

"அன்னிக்குக் கடையில இருந்தவங்க வேற, இன்னிக்கு இருக்கிறவங்க வேற" என்றார். அவ்வளவுதான். எப்போதும் வரும் தேத்தண்ணி அன்றைக்கு வரவில்லை. அதன் பிறகும் பல மாதம் வரவில்லை.

தாமான் குழுவில் கணேசமூர்த்தி ஒரே ஒரு வரி போட்டிருந்தார்: பட்டறைக்காரர் மீது தவறில்லை. யார் மீது என்று பலர் கேட்டார்கள். அவர் பதில் போடவில்லை.

தண்டைக் கடைசலுக்கு அனுப்பி, எண்ணெய் வழிகளையெல்லாம் கழுவி, இஞ்சினை மறுபடி கட்டி முடித்த அன்று கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். சத்தம் சீராக இருந்தது. முள் நன்றாக ஏறி நின்றது. கணேசமூர்த்தி அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"ஓட்டிப் பாக்கணும். நீயும் வா. வழியில எதாச்சும்னா யாரத் தேடுறது?"

ஹரிதாஸ் பின்னால் ஏறினான். ஓட்டுநர் பக்கத்துக் கதவை முத்தாயி திறந்து உட்கார்ந்துவிட்டார். கணேசமூர்த்தி வெளியில் நின்று அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றி வந்து இடதுபக்கம் ஏறினார்.

பெரிய சாலைக்கு வந்ததும் கார் கடற்கரைப் பக்கம் திரும்பியது.

"எங்க போறே?"

"இஞ்சின் நல்லா சூடாகணும்னு தம்பி சொன்னாரு."

ஹரிதாஸுக்கு அப்படிச் சொன்ன நினைவில்லை. ஆனால் மறுக்கவில்லை.

கணேசமூர்த்தி முன்னால் பார்த்தபடியே வந்தார். "லோரி வருது, ஒதுங்கு" என்றார் ஒருமுறை. "சிக்னல் போடு" என்றார் இன்னொரு முறை. தஞ்சோங் கிளிங்கில் அந்தச் சந்து வந்ததும் முத்தாயி வேகத்தைக் குறைத்து, குழியைச் சுற்றி ஓட்டி, பச்சைக் கேட் போட்ட வீட்டின் முன் நிறுத்தினார். தான் மட்டும் இறங்கி உள்ளே போனார். கணேசமூர்த்தி இறங்கவில்லை.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டருகே திவ்யதர்ஷினி வந்து நின்றாள். கூப்பிடவில்லை. அவள் பின்னால் கிஷன் தயங்கி நின்றான்.

"ஹரிதாஸ்" என்றார் கணேசமூர்த்தி, தலையைத் திருப்பாமல். "அடியில ஒழுகுதான்னு பாரு."

ஒழுகாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் இறங்கி, தரையில் கையை ஊன்றிக் குனிந்தான். தொட்டி காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை. சொல்லலாம் என்று நிமிரப்போனவன், கதவு திறக்கும் சத்தம் கேட்டு அப்படியே இருந்தான். காரின் மறுபக்கம் கணேசமூர்த்தியின் இரண்டு செருப்புக் கால்கள் இறங்கின. கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டை நோக்கி நடந்தன.