தகரக் கூரையின் கீழ் வகுத்தல் கணக்கு

ஓய்வு பெற்ற கையோடு, கடல் தாண்டி ஒரு வெப்ப நாட்டுப் பள்ளியில் சம்பளமில்லாத வாத்தியாராகச் சேர்ந்தேன். அங்கே மழை பெய்வதில்லை. வானமே பெயர்ந்து தகரக் கூரையில் விழும். நான் கத்துவது என் காதுக்கே எட்டாது.

"இன்னிக்கும் பிள்ளைங்களுக்கு வகுத்தல் வரலேன்னா, நீங்க ஊருக்குக் கிளம்பிடுங்க சார்" என்று தலைமையாசிரியை காலையிலேயே சொல்லிவிட்டார். வீட்டுக்காரியோ போனில், "சீக்கிரம் வாங்க, ஒட்டடை அடிக்க ஆளில்ல" என்றாள்.

அன்றும் கொட்டியது. வேறு வழியில்லாமல் கைஜாடையில் இறங்கினேன். ஏழு பென்சிலை மூன்று பேருக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தேன். மிஞ்சிய ஒன்றைத் தூக்கிக் காட்டும் நேரம் பார்த்து, கோழிக்குஞ்சு பருமனில் ஒரு கொசு என் கழுத்தில் உட்கார்ந்தது. பளாரென்று அறைந்தேன். வகுப்பு மொத்தமும் தன் கழுத்தில் பளாரென்று அறைந்துகொண்டது.

மழை விட்டதும் தலைமையாசிரியை உள்ளே வந்தார். முன்வரிசைப் பொடிசிடம், "பதினொண்ணை நாலால வகுத்தா?" என்றார். அவள் இரண்டு விரலை நீட்டிவிட்டு, கழுத்தில் மூன்று முறை அறைந்துகொண்டாள்.

"விடை சரிதான். அந்த அடி எதுக்கு சார்?"

"அதுதான் மீதி, மேடம்" என்றேன், துளியும் கூசாமல்.

என்னை ஊருக்கு அனுப்பும் பேச்சே அதன் பிறகு எழவில்லை. இப்போது பள்ளி முழுக்க அப்படித்தான் வகுக்கிறார்கள். மீதி அதிகம் வரும் கணக்குகளுக்கு மட்டும் தலைமையாசிரியை தடை போட்டிருக்கிறார்.